பாலைவனத்தைச் சலித்த பெண்கள்

சிலி தேசத்தின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக, 4,000 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில், ஒரு மிளகாயைத் தொங்கவிட்டாற்போல் இருக்கும். மிளகாயின் காம்பு இருக்கவேண்டிய வடக்குப் பக்கத்தில்தான் அட்டகாமா பாலைவனம் கிடக்கிறது. துருவப் பிரதேசங்களை ஒதுக்கிவிட்டால், உலகத்திலேயே இவ்வளவு வறண்ட நிலம் வேறு கிடையாது. சில இடங்களில் வருஷக் கணக்கில் ஒரு சொட்டு மழை விழுவதில்லை.

அன்டோபகாஸ்டா துறைமுகத்தில் பஸ் ஏறி உள்நாட்டை நோக்கிப் புறப்படுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மரமோ புல்லோ தென்படாது. பழுப்பு மண், சிவப்பு மண், மறுபடியும் பழுப்பு மண். வழியில் சக்கபூகோ என்ற ஊர் வரும். ஊர் என்றா சொன்னேன்? ஒரு காலத்தில் ஊர். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் உதவும் உப்பை வெட்டி எடுத்த தொழிலாளிகள் குடியிருந்த இடம். வியாபாரம் நொடித்ததும் ஜனங்கள் போய்விட்டார்கள். சுவர்கள் மட்டும் நின்றன. 1973-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தப் பாழூருக்கு மறுபடியும் ஆட்கள் வந்தார்கள், கைதிகளாக. ராணுவம் அதைச் சிறை முகாம் ஆக்கிவிட்டது.

இன்னும் மேலே ஏறினால், கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேல், கலாமா நகரம். லோவா நதியின் தயவில் கொஞ்சம் பச்சை தெரியும். பக்கத்திலேயே சுக்கிகமாட்டா தாமிரச் சுரங்கம். மலையையே குடைந்து கிண்ணமாக்கியது போன்ற பள்ளம் அது. நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம், முக்கால் கிலோமீட்டருக்கு மேல் ஆழம். சிலியின் செல்வமெல்லாம் தாமிரம்தான். அந்நியக் கம்பெனிகளிடம் இருந்த பெரிய சுரங்கங்களை 1971-ல் தேசத்தின் சொத்தாக்கியவர் ஜனாதிபதி சால்வடோர் அயெந்தே.

1973-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி, தலைநகர் சாண்டியாகோவில் ஜனாதிபதி மாளிகை மீது விமானங்கள் குண்டு வீசின. அயெந்தே அந்த மாளிகையிலேயே உயிர் நீத்தார். தளபதி பினோசே அதிகாரத்தைப் பிடித்தார். 1990 வரை அவர் வைத்ததே சட்டம்.

கலாமாவிலும் கைதுகள் நடந்தன. பிடிபட்டவர்களில் சுரங்கத்து ஆட்கள் உண்டு, வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர்கள் உண்டு, மாணவரும் உண்டு. ஒருவர் கார்லோஸ் பெர்கர் என்ற வழக்கறிஞர். உள்ளூர் வானொலி நிலையத்தை நடத்திவந்தவர். ஒலிபரப்பை நிறுத்து என்று ராணுவம் சொன்னபோது நிறுத்தவில்லை. அதற்குக் கிடைத்தது சுமார் இரண்டு மாதச் சிறைவாசம். அவருடைய மனைவி கார்மென் ஹெர்ட்ஸும் வழக்கறிஞர். இடுப்பில் கைக்குழந்தை. சில வாரங்கள் பொறுத்தால் கணவர் வீடு திரும்பிவிடுவார்.

அக்டோபர் 19-ஆம் தேதி ஒரு ஹெலிகாப்டர் கலாமாவில் இறங்கியது. ஜெனரல் அரெயானோ ஸ்டார்க் என்பவர் பினோசேயின் பிரதிநிதியாக, ஊர் ஊராக இறங்கிக் கைதிகளைக் கொன்றுவந்த குழு அது. பிற்பாடு ஜனங்கள் அதற்கு 'மரண ஊர்வலம்' என்று பெயர் வைத்தார்கள். அன்று சிறையிலிருந்து 26 பேர் பாலைவனத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

அன்டோபகாஸ்டாவுக்கு மாற்றும் வழியில் தப்பியோட முயன்றார்கள், சுட்டுவிட்டோம் என்றது ராணுவம். உடலைக் கொடுங்கள் என்று கேட்ட குடும்பங்களுக்கு, ஒரு வருஷம் பொறுங்கள் என்று பதில் வந்தது. வருஷம் போயிற்று. உடல் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கலாமாவின் பெண்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். எல்லையில்லாத பாலைவனம். எந்தத் திசை என்று சொல்ல ஆளில்லை. தெரிந்தவன் வாய் திறக்கமாட்டான்; திறந்தால் அவன் தலை போகும். இவர்களோ மனைவிமார், தாய்மார், உடன்பிறந்த பெண்கள். வாரம் முழுக்க வீட்டு வேலையும் கூலி வேலையும் பார்த்துவிட்டு, ஓய்வு நாளில் கொஞ்சம் ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். மண் எங்கே கிளறியது போல் தெரிகிறதோ, அங்கே தோண்டுவார்கள். அள்ளிச் சலிப்பார்கள். வெயிலில் வெளுத்த கல் எது, வெளுத்த எலும்பு எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் பைத்தியக்காரத்தனமாக அலையவில்லை. அந்த மண் எதையும் லேசில் அழிக்காது. இதே பாலைவனத்தின் வடகோடியில், அரிக்கா என்ற ஊரில், 7,000 வருஷத்துக்கு முந்திய மனித உடல்கள் பாடம் செய்யப்பட்ட நிலையில் இன்றும் இருக்கின்றன. அத்தனை காலத்துப் பிரேதத்தையே காப்பாற்றி வைக்கிற மண், நேற்றுப் புதைத்தவரை விழுங்கிவிடுமா?

பதினேழு வருஷங்கள் தேடினார்கள். கூந்தல் நரைத்தது, குழந்தைகளாக இருந்தவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். பினோசே பதவியிலிருந்து இறங்கிய 1990-ஆம் வருஷத்தில், ஜூலை மாதம், கலாமாவிலிருந்து சான் பெத்ரோவுக்குப் போகும் வழியில், 'கழுகுப் பள்ளம்' என்று பொருள்படும் பெயருடைய இடத்தில் அந்தக் குழி அகப்பட்டது.

ஆனால் குழிக்குள் முழு உடல்கள் இல்லை. எலும்புத் துண்டுகள், பற்கள், துணிக் கிழிசல்கள் மட்டுமே. புதைத்து சில வருஷங்கள் கழித்து, ராணுவம் யந்திரங்களைக் கொண்டுவந்து உடல்களைத் தோண்டி எடுத்து, வேறெங்கோ கொண்டுபோய்விட்டது. யந்திரத்தின் வாயிலிருந்து சிந்தியதுதான் மிச்சம். ஒரு சகோதரிக்குத் தம்பியின் பாதம் ஒன்று கிடைத்தது, காலுறையோடும் செருப்போடும். பாட்ரிசியோ குஸ்மான் என்ற டைரக்டர் 2010-ல் எடுத்த படத்தில் அந்த அம்மாள் இதைச் சொல்கிறார். தம்பி இறந்துவிட்டான் என்று அவர் மனசு ஒப்புக்கொண்டது அப்போதுதானாம்! இன்னொரு மூதாட்டியோ, முழு மனிதராகக் கொண்டுபோனார்கள், துண்டு எனக்கு வேண்டாம், முழுசாகவே வேண்டும் என்கிறார்.

உடலை மறைத்தவர்கள் சாட்சியத்தையே ஒழித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். அங்கேதான் அவர்கள் கணக்குத் தப்பியது. 1978-ல் ராணுவ அரசு தனக்குத் தானே மன்னிப்புச் சட்டம் போட்டுக்கொண்டது. 1973 முதல் அந்த வருஷம் மார்ச் வரை நடந்த குற்றங்களுக்கு அது கவசம். ஹுவான் குஸ்மான் என்ற நீதிபதி ஒரு கேள்வி கேட்டார். ஆளைக் கொண்டுபோனது நிச்சயம், உடல் கிடைக்கவில்லை, அப்படியானால் அது கொலை என்று எப்படி முடிப்பது? அது ஆள்கடத்தல், ஆள் அகப்படாத வரை அந்தக் கடத்தல் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது, 1978-ல் முடிந்த குற்றங்களுக்கான மன்னிப்பு இதற்குச் செல்லாது என்றார். 1999-ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்த வாதத்தை ஏற்றது. 2000-ஆம் வருஷம் பினோசேயின் சட்டப் பாதுகாப்பு பறிபோனது. உடல்நிலையைக் காட்டி வழக்கிலிருந்து தப்பி, 2006-ல் தண்டனை இல்லாமலே அவர் இறந்தார் என்பது வேறு விஷயம். அவரைச் சேர்ந்த பலர் தப்பவில்லை.

கார்மென் ஹெர்ட்ஸ் மனித உரிமை வழக்கறிஞராகி, பின்னர் பாராளுமன்றத்துக்கும் போனார். கணவருடைய எலும்புத் துண்டுகள் இன்னவை என்று உறுதியாகி, அடக்கம் நடந்தது 2014-ல். இரண்டு மாதச் சிறைக்காகக் காத்திருந்த குடும்பம், நாற்பது வருஷம் காத்திருந்தது.

2023-ல் வெளியான அரசாங்கக் கணக்குப்படி சிலியில் இப்படிக் காணாமல் போக்கப்பட்டவர்கள் 1,469 பேர். அதுவரை அடையாளம் காணப்பட்டவர்கள் 307 பேர்தான். ராணுவப் புரட்சி நடந்து ஐம்பது வருஷம் கழித்து, அந்த ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி, தேடும் பொறுப்பை அரசாங்கமே ஏற்கும் திட்டத்தை அப்போதைய ஜனாதிபதி போரிச் அறிவித்தார். அதுவரை அந்தப் பாரத்தைச் சுமந்தது பெண்களின் மண்வெட்டி.

கலாமாவிலிருந்து சான் பெத்ரோவுக்கு 100 கிலோமீட்டர். உல்லாசப் பிரயாணிகள் நிறையப் பேர் போகிற பாதை. உப்பு ஏரியும், வெந்நீர் ஊற்றும், நட்சத்திரங்களை ஆராயும் பெரிய வானொலித் தொலைநோக்கிகளும் அந்தப் பக்கம்தான். வழியில், சாலை ஓரத்தில், 26 பேருக்கான நினைவிடம் இருக்கிறது. வண்டிகள் பெரும்பாலும் நிற்பதில்லை. எந்த ஊரானாலும், இறந்தவருக்குத் தம் கையால் ஒரு பிடி மண் போட வேண்டும் என்பது சொந்தக்காரர்களின் ஆசை. அந்த ஒரு பிடிக்காக ஒரு பாலைவனத்தையே சலித்தவர்கள் நடந்த மண் அது. என்றைக்காவது நீங்கள் அந்த வழியே போக நேர்ந்தால், வண்டியை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிஷம் இறங்கி நில்லுங்கள். ஏரி எங்கேயும் போய்விடாது.