கேரம் விளையாட்டில் சேருங்களா சார்?

இன்று கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். கணக்கு வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைத் தாங்கியவர்கள்தானே, இதையும் தாங்குவீர்கள்.

2025 ஜனவரியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா பேரனுக்குப் பத்து வயது. ஜனவரி 3-ஆம் தேதி லூக் லிட்லர் என்ற பையன் பதினேழு வயதில் டார்ட்ஸ் உலக சாம்பியன் ஆகிவிட்டான் என்று சந்தோஷத்தில் படம் போட்டிருந்தான். ஏழே முக்கால் அடிக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் நின்று, சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் சின்ன அம்புகளை எறிகிற ஆட்டம் அது. மூன்று அம்பையும் விரல் அகலம்கூட இல்லாத ஒரே கட்டத்தில் இறக்கினால் 180. அவ்வளவு நுணுக்கம்.

உடனே என் மச்சான், "நின்ன எடத்துல நின்னுக்கிட்டு குத்தறதெல்லாம் ஒரு ஸ்போர்ட்டா? இது சும்மா கேம்" என்று போட்டுவிட்டார். பையனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது போல. "தாத்தா, நீங்க டீச்சர்தானே, நீங்க சொல்லுங்க" என்று எனக்குக் குரல் செய்தி அனுப்பினான்.

காலை வணக்கத்துக்குக்கூடத் தவறாமல் பதில் போடுகிறவன் நான். இதற்கு ஒரு மாதம் பதில் போடவில்லை. இதே கேள்வியை 1998-ல் ஒரு பையன் என்னிடம் கேட்டான். அன்றைக்கு நான் பதில் சொன்னேன். அந்தப் பதில்தான் இத்தனை வருடமாக உறுத்துகிறது.

அவன் பத்தாம் வகுப்பு. பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். அப்பா சென்னிமலையில் குழித்தறியில் பெட்ஷீட் நெய்கிறவர். பள்ளிக்கு வருவதற்கு முன்னும் போன பின்னும் தார் சுற்றிக் கொடுப்பது இவன் வேலை. நூல் அறுந்தால் கண் பார்க்கும் முன் விரல் பிடித்துவிடும் என்பார்களே, அந்த மாதிரி விரல். சாயங்காலம் எங்கள் தெருமுனை மன்றத்தில் பெரியவர்களோடு கேரம் ஆடுவான். ஒரு தடவை சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். எதிர்க்கட்டையில் ஸ்ட்ரைக்கரை அடித்துத் திருப்பி, தன் மூலைக்கு அருகே கிடந்த ரெட்டை உள்ளே தள்ளினான். அடுத்த அடியில் ஃபாலோ. சுற்றி நின்ற நாலு பேரும் சத்தம் போட, அவன் மட்டும் தலை நிமிரவில்லை. வடிவியலில் நூற்றுக்கு முப்பது வாங்குகிற பையன். கோணத்தை அவன் பலகையில் வைத்திருந்தான், நான் கரும்பலகையில் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது தோன்றவில்லை. "வேற சோலி இல்லையா?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

அரையாண்டுத் தேர்வுக்குச் சில வாரம் முன்னால் அவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். ஈரோட்டில் கேரம் போட்டியாம். ரெண்டு நாள் விடுப்பு வேண்டும், இந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று ஒரு போனஃபைட் சர்டிபிகேட் வேண்டும். வகுப்பாசிரியர் நான் எழுதிக் கொடுத்தால் தலைமையாசிரியர் முத்திரை வைத்துவிடுவார்.

"பரீட்சை வருது, கேரம் ஒரு கேடா?" என்றேன்.

"கபடிப் பசங்களுக்கு மூணு நாள் விட்டீங்களே சார்."

"அது விளையாட்டு. இது பொழுதுபோக்கு."

"ஏனுங்க சார், கேரம் விளையாட்டில் சேராதுங்களா?"

எதிர்த்துக் கேட்கிறான் என்று ஆத்திரம்தான் வந்தது. அனுப்பிவிட்டேன். அந்தப் போட்டிக்கு அவன் போகவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பும் நின்றது. அதற்கு நான் காரணம் இல்லை, வீட்டுக் கஷ்டம். ஆனால் அவன் கேட்டு வாங்கிப் போகாத ஒரே காகிதம் என் மேசையில் இருந்தது.

நான் அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னாலேயே, 1996-க்கான அர்ஜுனா விருது சென்னையைச் சேர்ந்த மரிய இருதயத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கேரமுக்காக. 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆனவர் அவர். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். இந்திய அரசு ஒப்புக்கொண்ட விஷயம் சென்னிமலைக் கணக்கு வாத்தியாருக்குத் தெரியவில்லை. பேப்பரில் வந்திருக்கும், நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

இப்போது மச்சானுக்கு வருகிறேன். (மச்சான், கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு நானும் உங்கள் கட்சிதான்.)

நம் தமிழில் விளையாட்டு என்று ஒரே சொல்தான். ஸ்போர்ட், கேம் என்று இரண்டு தட்டு இங்கிலீஷில் வந்தது. பள்ளிக்கூடத்திலும் அதை அப்படியே வைத்துக்கொண்டோம். வேர்வை வந்தால் ஒன்று, வராவிட்டால் இன்னொன்று. அந்தக் கணக்கு சரியாக வருமா என்று போட்டுப் பார்த்தேன். வரவில்லை. 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றதற்குத்தான் அந்தத் தங்கம். வில்வித்தையும் நின்ற இடத்தில்தான். அவற்றை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை. சதுரங்கத்தில் கை நகர்வதே கணக்கில்லை. ஆனால் நாட்டின் முதல் கேல் ரத்னா விருது விஸ்வநாதன் ஆனந்துக்கு. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது மச்சானே பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துப் போட்டார். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது குழுவில் முதல் கைத்தட்டலும் அவருடையதே.

அப்படியானால் டார்ட்ஸுக்கும் கேரமுக்கும் மட்டும் ஏன் இந்தக் கேள்வி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். டார்ட்ஸ் இங்கிலாந்தில் மதுக்கடைச் சுவரில் வளர்ந்தது. அந்த நாட்டு விளையாட்டு அமைப்பே அதை முறையான விளையாட்டாக ஏற்றது 2005-ல்தான். கேரம் நம் ஊரில் டீக்கடைப் பக்கத்திலும் மன்றத்திலும் வளர்ந்தது. தறி நிறுத்திவிட்டு வந்தவர்களும் வேலை கிடைக்காத பையன்களும் ஆடினார்கள். டீக்கும் பீடிக்கும் பந்தயம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பெற்றோர் பயந்ததிலும் நியாயம் உண்டு. ஆனால் நான் அன்றைக்கு எடை போட்டது ஆட்டத்தை இல்லை, ஆடின இடத்தையும் ஆடின ஆட்களையும். சதுரங்கப் பலகை வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் மகன் வந்து நின்றிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சும்மா மத்தியானத்தில் நாலு பேர் உட்கார்ந்து தட்டுவது விளையாட்டுப் போட்டி ஆகிவிடாது என்றால் ஒத்துக்கொள்கிறேன். தோட்டத்து வரப்பில் பையன்கள் ஓடுவதும்தான் ஆகாது. அதே பலகைக்குப் பக்கத்தில் நடுவர் ஒருவர் உட்கார்ந்து, ஒரு அடிக்குப் பதினைந்து விநாடி, இருபத்தைந்து புள்ளி அல்லது எட்டு போர்டு என்று எண்ண ஆரம்பித்தால் கதை வேறு. பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க ஒரே மாதிரி விரல் விசையைக் காப்பாற்றிப் பாருங்கள், தெரியும்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுநர் மகள். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் ஒரு வகுப்பாசிரியர் இருந்திருப்பார், அவர் விட்டிருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தைப்பூசத்துக்குத் தேர் பார்க்கப் போயிருந்தேன். 1320 படி ஏறுகிற முழங்கால் இப்போது இல்லை, கீழேயே நின்றுகொண்டேன். கூட்டத்தில் ஒருத்தன் வந்து கையைப் பிடித்தான். அவனேதான். நரை விழுந்துவிட்டது. அப்பாவின் தறியை இன்னும் வைத்திருக்கிறான், கூடவே ஒரு பெட்ஷீட் கடையில் கணக்கும் எழுதுகிறானாம். என்ன பேசுவது என்று தெரியாமல், "அன்னைக்கு நான் அந்த சர்டிபிகேட் குடுத்திருக்கணும்ப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் தேரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ரெண்டாவது ரவுண்டுலயே தோத்திருப்பனுங்க சார்" என்று சிரித்தான். பிறகு சிரிக்காமல், "தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதானுங்க" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். மகள் எட்டாம் வகுப்பு, கேரம் ஆடுகிறாள். திண்ணையில் பலகையைப் போட்டு என்னை எதிரில் உட்கார வைத்துவிட்டாள். நாலே போர்டில் ஆட்டம் முடிந்தது. எனக்கு மூன்று புள்ளி, அதுவும் அவள் தன் காய்க்கு அடித்து என் காய் போய் விழுந்ததால் வந்தது. எட்டாத ஒரு காய்க்காக நான் கொஞ்சம் எழுந்து எம்பினேன்.

"தாத்தா, சேர்ல இருந்து எந்திரிச்சுட்டீங்க. ஃபவுல்."

"பெரியவங்கள அப்படிச் சொல்லலாமா கண்ணு" என்றாள் அவள் அம்மா உள்ளேயிருந்து.

"ரூல் அதுதானுங்கம்மா" என்றாள்.

என் காய் ஒன்றை வெளியே எடுத்து நடுவில் வைத்தேன். மச்சான், உட்கார்ந்து ஆடுகிறதெல்லாம் என்று ஒரு தடவை சொன்னீர்களே, உட்கார்ந்திருப்பதே அதில் சட்டம், எழுந்தால்தான் தண்டனை.

வீட்டுக்கு வந்ததும் இங்கிலாந்துப் பையனுக்குப் பதில் அனுப்பினேன்: "ஸ்போர்ட்தான் கண்ணு. தாத்தாவுக்குத் தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆச்சு." அவன் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டான்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறாள். போரிக் பவுடர் தீர்ந்துவிட்டதாம், வாங்கி வைத்திருக்கிறேன்.