பால் பல்லுக்கு என்ன விலை?

வாசகிகளே, உங்களில் யாராவது கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரை விலைக்கு வாங்கியதுண்டா? சிரிக்காதீர்கள். நான் வாங்கியிருக்கிறேன், விற்றும் இருக்கிறேன். விற்றதில் ஒரு தடவை நன்றாக ஏமாந்தும் போயிருக்கிறேன்.

எல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான். மேலூருக்குப் பக்கத்தில் திருவாதவூரில் என் பெரியப்பா வீடு இருக்கிறது. அங்கே 2019 முதல் நாங்கள் எட்டுப் பேர் ஒரு விளையாட்டு நடத்துகிறோம். ஐ.பி.எல். ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சமாக ஏலம் எடுப்போம். அவர்கள் அடிக்கிற ஓட்டமும் வீழ்த்துகிற விக்கெட்டும் நம் கணக்கில் ஏறும். காசு கிடையாது. காசு வைத்து இணையத்தில் ஆடுவதை 2025ல் சட்டமே தடுத்துவிட்டது; நாங்கள் அதற்கு முன்பே யோக்கியர்கள்! ஜெயித்தவருக்கு மற்றவர்கள் செலவில் ஜிகர்தண்டா, அவ்வளவுதான்.

இதில் ஒரு விசேஷம்: எடுத்த ஆள் அந்த வருஷத்தோடு போய்விடமாட்டார். நாமாக மாற்றிக்கொள்ளும் வரை நம்மவர்தான். அமெரிக்காவில் அவர்கள் ஊர்க் கால்பந்துக்கு இப்படி ஆடுகிறார்களாம். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற புதுப் பையனுக்குத்தான் அங்கே கிராக்கி அதிகம்.

2019ல் என் கையில் இருந்தவர் வருண் சக்கரவர்த்தி. கட்டடக் கலை படித்துவிட்டுப் பந்து வீச வந்தவர். முந்தைய டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்தில் ஆரம்பித்து 8 கோடியே 40 லட்சத்துக்குப் பஞ்சாப் அணி அவரை எடுத்திருந்தது. முதல் ஆட்டம் கல்கத்தாவில். முதல் ஓவரிலேயே 25 ஓட்டம் கொடுத்தார்! அன்று ராத்திரியே அவரை அண்ணன் மகனிடம் தள்ளிவிட்டேன். பதிலுக்கு யாரை வாங்கினேன் என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. அந்த வருஷம் வருண் வேறு ஆட்டமே ஆடவில்லை. "தப்பித்தேன்" என்று நான் குதித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2020ல் அவர் கல்கத்தா அணிக்குப் போய் 17 விக்கெட் எடுத்தார். மறு வருஷம் இந்தியாவுக்கே ஆடினார். விக்கெட் விழும்போதெல்லாம் அண்ணன் மகன் எனக்குப் போன் செய்வான்.

2022ல் யாரும் கேட்காமல் கிடந்த ஒரு பெயர் எனக்கு வந்தது: சாய் சுதர்சன். குஜராத் அணி 20 லட்சத்துக்கு எடுத்த சென்னைப் பையன். அந்த வருஷம் ஐந்து ஆட்டத்தில் 145 ஓட்டம்.

2023 மாட்டுப் பொங்கலன்று அண்ணன் மகன் பேரத்துக்கு வந்தான். "அத்தை, சுதர்சனைக் கொடுங்க. டேவிட் வார்னரைத் தரேன்."

எனக்குத் தலை சுற்றியது. வார்னர் யார்? அதிக ஓட்டம் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பியை மூன்று தடவை வாங்கியவர்! நான் தயங்குவதைப் பார்த்து அவன், "அத்தை, இது மாணிக்கவாசகர் ஊர். உங்க பரி ராத்திரியோட ராத்திரியா நரியாயிடும், பார்த்துக்குங்க" என்றான்.

திண்ணையில் இருந்த பெரியப்பாவிடம் போனேன். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது, மாடு தெரியும். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியே வயதானவர்.

"ரெண்டுக்கும் பல் என்ன?" என்றார்.

"பையனுக்கு இருபத்தொன்று. மற்றவருக்கு முப்பத்தாறு."

"ஒண்ணு பால் பல்லு, இன்னொண்ணு கடை சேர்ந்தது. இந்த வருசத்து உழவுதான் வேணும்னா பெரிய மாட்டை வாங்கு. கன்னுக்கு வைக்கிற விலை, வரப்போற உழவுக்கு வைக்கிற விலை. எல்லாக் கன்னும் உழாது. அதுக்கும் கொஞ்சம் தள்ளிக்க. அப்புறம், அதைக் கட்ட ஏர் இருக்கான்னு பாரு. எதிராளி ஏன் கேக்கறான்னும் பாரு."

அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? முட்டி மோதி ஓடுகிற அமெரிக்கப் பையனின் உடம்பு இருபத்தேழு, இருபத்தெட்டிலேயே தேய்ந்துவிடும். ஆகவே அவனுக்கு விலை உச்சத்தில் இருக்கும்போது விற்பதுதான் அங்கே புத்திசாலித்தனம். மட்டை பிடிக்கிறவர் அப்படியல்ல. முப்பத்தாறிலும் ஆடலாம் என்பதற்கு வார்னரே சாட்சி. அண்ணன் மகன் வலிய வந்து கேட்டதும் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. "மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று அந்த வீட்டில் இன்னொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் மகள் மதுரையில் பி.எஸ்ஸி. கணிதம் முதல் வருஷம். முதல் பருவத் தேர்வில் இரண்டு பாடம் போய்விட்டது. "படிப்பு வரல. நிறுத்திட்டு வரன் பார்க்கலாம்" என்று அண்ணன், அடுப்படியில் அண்ணியின் மௌனம். எங்கள் நோட்டில் கணக்கு எழுதுகிறவள் அந்தப் பெண்தான். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, சுதர்சன் அஞ்சு ஆட்டம் ஆடியிருக்கான். நான் ஒரு பரீட்சைதானே எழுதியிருக்கேன்?"

திண்ணையில் பேச்சு நின்றுவிட்டது. பெண்ணை மாட்டோடு சேர்த்துப் பேசுகிறேனே என்று கோபிக்காதீர்கள். பேசியது நானல்ல, பெரியப்பா. "பால் பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டு மாட்டை விக்கிறவன் விவசாயியாடா?" என்று மகனைக் கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. விடுமுறை முடிந்ததும் அவளைக் கொண்டுபோய்க் கல்லூரியில் விட்டுவந்தார்.

மறு மாதமே தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் சுதர்சனைக் கோவை அணி 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்தது, ஐ.பி.எல். கொடுத்ததைவிட அதிகம்! ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். 2023ல் வார்னர் 516 ஓட்டம், என் பையன் 362. இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 அடித்தும் கணக்கில் நான் தோற்றேன். அந்த வருஷம் அண்ணன் மகன் செய்த கேலி கொஞ்சமல்ல. 2024ல் என் பையன் 527, வார்னர் 168. அடுத்த ஏலத்தில் வார்னரை யாரும் எடுக்கவில்லை. 2025ல் சுதர்சன் 759 ஓட்டம், ஆரஞ்சுத் தொப்பி. எனக்கு ஜிகர்தண்டா!

அதே 2025ல் அண்ணன் மகள் பட்டம் வாங்கினாள். போன இரண்டு பாடத்தையும் அடுத்த பருவத்திலேயே முடித்துவிட்டாள். எங்கள் கணக்கை இன்னமும் அவள்தான் எழுதுகிறாள்.

பழைய நோட்டுகளை ஒழிக்கலாமா என்று சென்ற தடவை கேட்டாள். 2019ஆம் வருஷத்து நோட்டை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வருண் பெயரை அடித்துவிட்டு, அந்த ராத்திரி நான் அவசர அவசரமாகப் போட்ட கையெழுத்து அதில் இருக்கிறது. யாரையாவது முதல் ஓவரிலேயே எடை போடத் தோன்றும்போது அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.