சிபில் கேட்காத வீட்டுக்காரர்

வாங்கிய கடனை ஒருவர் எவ்வளவு ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினார் என்பதை 300 முதல் 900 வரையிலான எண்ணால் குறிப்பது சிபில் மதிப்பெண். அதற்கு இணையான எண் குறைந்தால் அமெரிக்காவில் வாடகை வீடே மறுக்கப்படலாம். தாமிரபரணியின் இரு கரைகளிலும் உள்ள திருநெல்வேலி, பாளையங்கோட்டை வீட்டுக்காரர்களோ, அதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. என்ன வேலை, எந்த ஊர், தெரிந்தவர் யார் என்று விசாரிக்கும் அவர்களுடைய கேள்விகளுக்குள் சாதியும் சில வேளைகளில் மறைந்திருக்கிறது.

ஆயினும் தவணை தவறியவரைக் கடன் வேறு வழியில் பின்தொடர்கிறது. முன்பணமாகிய அட்வான்ஸையோ, மாத வாடகைக்குப் பதிலாக மொத்தத் தொகையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்து, காலி செய்யும்போது திரும்பப் பெறும் 'ஒத்தி'க்குரிய பணத்தையோ திரட்ட வேண்டிய நிலையில், வங்கி கைவிரித்தால் அவர் வட்டிக்காரரிடமே போக நேர்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், அட்வான்ஸை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்த முற்பட்டாலும், வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் அந்த வரம்பு பொருந்தாது என்று விலக்கும் அளித்திருக்கிறது. வீடு அவசரமாகத் தேவைப்படுபவர் எந்த ஒப்பந்தத்துக்கும் தலையாட்டுவார் என்பதால், அந்த விலக்கே நடைமுறையில் விதியாகிவிடுகிறது.

எண்ணால் அளந்தாலும் ஊர்ப்பேச்சால் அளந்தாலும், கையில் ரொக்கம் இல்லாதவருக்கே கதவு கடைசியாகத் திறக்கிறது.