நூற்று நான்கு படிகள்

பாரிசிலிருந்து புறப்பட்ட கடுகதிப் புகையிரதம் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேலான பொழுதில் எம்மை மார்செயில்ஸ் நகரின் சென் சார்ள் நிலையத்தில் சேர்த்தது. வாயிலைக் கடந்தால் நகரம் கீழே கிடக்கிறது. இறங்குவதற்கு 104 படிகள். காட்சியில் மயங்கிய நாம், முழங்கால் நோவுடைய அன்னையாரையும் அவ்வழியே அழைத்தோம். பாதியில் அவர் அமர்ந்துவிட்டார். நிலையத்தின் அடியிலேயே, 1977இல் தொடங்கிய சுரங்க இரயில் உண்டென்பதும், பழைய துறைமுகம் அதில் இரண்டாவது தரிப்பே என்பதும் நாம் முன்னரே படித்தறிந்தவை. படித்தென்ன!

துறைமுகத்தை அடைந்தபின், நகர மண்டபத்தருகே சிறு படகொன்றில் ஏறினோம். ஆட்களை அக்கரை சேர்க்கும் இச்சேவை 1880இல் தொடங்கியது. சில நிமிடப் பயணந்தான்.

"எங்கட காரைநகர்ப் பாதையில போற மாதிரிக் கிடக்கு, தம்பி" என்றார் அன்னையார். அக்கரையில் இறங்க மறுத்தார். மீண்டும் ஒருமுறை போய்வந்தோம்.