அம்மா மொழியில் ஒரு மீன் கணக்கு

2021 டிசம்பர் 6, திங்கட்கிழமை. கோவையில் ஒரு வீட்டுச் சமையலறை. அடுப்பில் பருப்பு குக்கர். காய்கறித் தட்டுக்குப் பக்கத்திலேயே மடிக்கணினி. அடுத்த அறையில் கணவர் ஆன்லைன் மீட்டிங்கில் இருக்கிறார். ஆறு வயது மகள் பள்ளிக்குப் போயாயிற்று. மணி சரியாக 10.30 ஆனதும் அந்தப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் புதுப்பிக்கிறார். அன்றைய புதிர் திறக்கிறது.

'அட்வென்ட் ஆஃப் கோட்' என்பது அந்தப் புதிர் விளையாட்டின் பெயர். எரிக் வாஸ்ட்ல் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர் 2015-ல் தொடங்கியது. மேலைநாடுகளில் டிசம்பர் வந்தால் குழந்தைகளுக்கு ஒரு நாள்காட்டி வாங்கித் தருவார்கள். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு சின்னக் கதவு, திறந்தால் உள்ளே சாக்லேட். கிறிஸ்துமஸ் வரை தினம் ஒரு கதவு. அதே கணக்குதான் இதிலும், சாக்லேட்டுக்குப் பதில் புதிர். ஒவ்வொரு புதிரிலும் இரண்டு பகுதிகள், பகுதிக்கு ஒரு நட்சத்திரம். கட்டணம் கிடையாது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நள்ளிரவு 12 மணி அடிக்கும்போது புதிர் வெளியாகும். அங்கே இருப்பவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். நமக்கோ காலை பத்தரை. டிபன், டப்பா, யூனிஃபார்ம் எல்லாம் முடிந்து ஓர் இல்லத்தரசி முதன்முறையாக உட்காரும் நேரம்.

புதிரை எந்தக் கணினி மொழியில் வேண்டுமானாலும் போடலாம். விடையான எண்ணைச் சொன்னால் போதும். பெரும்பாலானவர்கள் பைத்தான், ஜாவா என்று பழகிய மொழியில் போடுவார்கள். இன்னொரு ரகம் உண்டு. மொழியையே சொந்தமாகச் செய்து, அதில் புதிரைப் போடுகிறவர்கள். பந்திக்கு இலை வேண்டும் என்று வாழைக்கன்று நடுகிற வேலை இது. அந்தப் பெண் இந்த ரகம்.

கணினி மொழி செய்வது என்றால் ஏதோ விஞ்ஞானிகள் சமாச்சாரம் போலத் தோன்றும். நாம் எழுதும் வரியை வாங்கி, சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று புரிந்துகொண்டு, அதன்படி வேலை செய்யும் ஒரு நிரல், அவ்வளவுதான். பள்ளியில் எழுவாய், பயனிலை பிரித்த அதே வேலை. ராபர்ட் நைஸ்ட்ராம் எழுதிய 'கிராஃப்டிங் இன்டர்ப்ரெட்டர்ஸ்' என்ற புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மகள் தூங்கும் மதிய நேரங்களில் அதைப் படித்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். பழைய வேலையில் பழகிய ஜாவாவில் எழுதினார். கட்டளைச் சொற்களைத் தமிழில் வைத்தார். தமிழில் இது முதல் முயற்சியும் இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' பல ஆண்டுகளாகவே இருக்கிறது.

ஆங்கிலம் சார்ந்த மொழிகளில் 'இஃப்' என்ற சொல் முதலில் வரும், நிபந்தனை பிறகு வரும். தமிழில் 'மழை வந்தால்' என்று நிபந்தனைக்குப் பின்னால்தானே 'ஆல்' ஒட்டுகிறது? அவரும் 'எனில்' என்ற சொல்லை நிபந்தனைக்குப் பின்னால்தான் வைப்பேன் என்று நின்றார். அந்த ஒரு பிடிவாதத்துக்கு மூன்று மதியங்கள் செலவாயின.

மகள் ஒருநாள் மடியில் ஏறி உட்கார்ந்து, 'அம்மா' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று இதனிடம் கேட்கச் சொன்னாள். திரை 5 என்றது.

"அய்யே, மூணு!" என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.

அவள் சொன்னதுதான் சரி. அ, ம், மா. யூனிகோடு முறையில் கணினி அதை அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து துண்டுகளாக வைத்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கணக்குக்கு மொழியை மாற்றியமைத்தார். அன்றிலிருந்து அந்த மொழிக்கு மகள் வைத்த பெயர், 'அம்மா மொழி'.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. வெளியில் யாருக்கும் தெரியாது. அக்டோபரில் பழைய தோழி ஒருத்தி ஒரு நேர்காணலுக்கு ஏற்பாடு செய்திருந்தார். முதல் கேள்வியே, "இந்த ஆறு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" 

"குழந்தையைப் பார்த்துக்கிட்டேன்" என்றார். உண்மைதான். அம்மா மொழியைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. விளையாட்டுச் சாமான் என்று சிரித்துவிடுவார்களோ என விழுங்கிவிட்டார். 'சொல்லி அனுப்புகிறோம்' என்றவர்கள் சொல்லி அனுப்பவில்லை.

அதனால்தான் டிசம்பர் புதிர்கள். 25 நாளும் அம்மா மொழியிலேயே போட்டுப் பார்ப்பது. தாக்குப்பிடித்தால் அடுத்த நேர்காணலில் வாயைத் திறப்பது. இல்லையென்றால் அந்தக் கோப்பை மூடிவைத்துவிடுவது. இந்த ஒப்பந்தத்தைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் ஐந்து நாள்கள் தட்டுத்தடுமாறி ஓடின. அந்த ஆண்டின் கதைப்படி கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிச் சாவி கடலில் விழுந்துவிட, நீர்மூழ்கியில் தேடிப் போக வேண்டும். நான்காம் நாள் பிங்கோ அட்டைகள் வந்தன. அட்டவணை வைக்கவே அம்மா மொழியில் வழியில்லை. முதலில் மொழிக்கு அதைக் கற்றுக்கொடுத்த பிறகே புதிருக்குள் நுழைய முடிந்தது.

ஆறாம் நாள் வந்தது மீன் கூட்டம்.

ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண். தினமும் அதில் ஒன்று குறையும். 0 ஆன மீன், மறுநாள் ஒரு குட்டி போட்டுவிட்டு மறுபடி 6-லிருந்து எண்ணத் தொடங்கும். குட்டி மட்டும் 8-லிருந்து தொடங்கும். இத்தனை நாள் கழித்து மொத்தம் எத்தனை மீன்? சரிபார்த்துக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டும் கொடுத்திருந்தார்கள். ஐந்து மீன்களில் தொடங்கினால் 18 நாளில் 26, 80 நாளில் 5,934.

முதல் பகுதிக்கு 80 நாள் போதும். ஒவ்வொரு மீனையும் ஒரு பட்டியலில் வரிசையாக எழுதினார். விடை வந்தது. முதல் நட்சத்திரம்.

இரண்டாம் பகுதி: 256 நாள்.

அதே நிரலை ஓடவிட்டார். மடிக்கணினியின் விசிறி குக்கரோடு போட்டிபோட்டுக் கத்தியது. கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "அம்மணி, எத்தனை விசில்னு எண்ணுனயா இல்லையா?"

எண்ணவில்லை. மீனை எண்ணிக்கொண்டிருந்தார். பருப்பு குழைந்துவிட்டது. நிரலும் நினைவகம் போதாமல் பாதியில் நின்றது.

பட்டி நிறைய ஆடு வைத்திருப்பவர் ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியாகவா எழுதி வைக்கிறார்? குட்டி இத்தனை, சினை இத்தனை, கிடா இத்தனை என்று வகைவாரியாகத்தான் கணக்கு சொல்வார். மீனும் அப்படித்தான். 0 முதல் 8 வரை ஒன்பது கூடைகள் போதும். எந்தக் கூடையில் எத்தனை மீன் என்று மட்டும் தெரிந்தால் சரி. தினமும் எல்லாம் ஒரு கூடை இடம் மாறும். பாத்திரம் கழுவும்போதே இது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எழுதி ஓடவிட்டார். கண் இமைப்பதற்குள் முடிந்தது. எடுத்துக்காட்டில் 18 நாளுக்கு 26, சரி. 80 நாளுக்கு 5,934, சரி. 256 நாளுக்கு வர வேண்டியது 26984457539. திரையில் இருந்தது 1214653763.

2,698 கோடி எங்கே, 121 கோடி எங்கே!

ஜாவாவில் எழுதி விடை தப்பானால் யாரும் ஜாவாவைச் சந்தேகிக்க மாட்டார்கள். உலகமே பயன்படுத்துகிற மொழி, தப்பு நம் கணக்கில்தான் இருக்கும். அம்மா மொழியில் அந்த நிம்மதி இல்லை. கணக்கு தப்பா, மொழி தப்பா? இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள். இணையத்தில் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அந்த மொழியை உலகத்தில் பயன்படுத்துகிற ஒரே ஆளும் அவரே.

சாப்பாட்டு நேரத்தில் கணவர் எட்டிப் பார்த்தார். "பைத்தான்ல போட்டா அஞ்சு நிமிஷம். எதுக்கு இப்படிக் கஷ்டப்படறே?"

"தெரியுங்க. அதுல போட்டா இதுல என்ன தப்புன்னு எனக்குத் தெரியாமயே போயிரும்."

அவர் சொன்னதிலும் தவறில்லை. பைத்தானில் அந்தக் கணக்கு முதல் தடவையிலேயே சரியாக வந்திருக்கும்.

மதியம் முழுவதும் கூடைகளைத் தாளில் வரைந்து சரிபார்த்தார். கூடைகளில் குற்றமில்லை. மகளுக்கு வீட்டுப்பாடம், இரவுக்குச் சப்பாத்தி, அத்தைக்கு மாத்திரை. ஒன்பது மணிக்கு மேல் மறுபடி உட்கார்ந்து, கடைசி விடையை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு நாளின் மொத்தத்தையும் வரிசையாக அச்சிடச் சொன்னார். எண்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டே போயின. 220 நாள்களைத் தாண்டி ஓரிடத்தில், எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.

மைனஸ். கடலில் மைனஸ் 200 கோடிக்கும் மேல் மீன்கள்!

தனியாகச் சிரித்தார். ஜாவாவில் 'இன்ட்' என்ற வகை எண்ணுக்கு 32 பிட் இடம்தான். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதோடு ஒன்றைக் கூட்டினால், பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு சுழன்று போவதுபோல, எண் மைனஸின் அடிமட்டத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி ஏறி வரும். ஜாவா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. மீன் கணக்கு இப்படிப் பலமுறை சுழன்று 121 கோடியில் வந்து நின்றிருக்கிறது. 80 நாள் கணக்கு சிறியது என்பதால் காலையில் எதுவும் தெரியவில்லை.

கோப்பைத் திறந்து பார்த்தார். முழு எண்ணுக்கு 'இன்ட்' என்று முடிவு செய்த வரி. பக்கத்திலேயே மே மாதத்தில் அவர் எழுதிவைத்த குறிப்பு: 'இப்போதைக்கு இது போதும்.'

வேலையில் இருந்த காலத்தில் பிழை வந்தால் அது வேறு குழுவுடையது, வேறு ஊர் அலுவலகத்துடையது என்று கைமாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் நேர்மாறு. சாவி, ரிமோட், ரேஷன் கார்டு எது காணாமல்போனாலும் கேள்வி இவரிடம்தான் வரும். இந்தத் தப்பு இரண்டு ரகத்திலும் சேரவில்லை. முழுக்க அவருடையது, எந்தக் கோப்பில் எந்த வரியில் என்பது உட்பட. ஆறு வருடத்தில் அவ்வளவு தெளிவான ஒரு தப்பு அவருக்குக் கிடைத்ததே இல்லை.

'இன்ட்' இருந்த இடங்களில் 64 பிட் 'லாங்' போட்டார். ஓர் இடத்தை விட்டுவிட்டு, அதைத் தேட இன்னும் அரை மணி நேரம். இனி எண் எல்லை மீறினால் ஜாவாபோல அம்மா மொழி வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்று, கூட்டும்போதே சோதிக்கும்படி மாற்றினார். என்ன பிழைச்செய்தி வைப்பது என்று கொஞ்சம் யோசித்து எழுதினார்: 'எண் நிரம்பி வழிகிறது. வரி 14-ஐப் பாருங்கள்.' வரியின் எண்ணை மொழியே நிரப்பிக்கொள்ளும்.

எடுத்துக்காட்டை ஓடவிட்டார். 26984457539. ஒரு மீன்கூடக் குறையவில்லை. பதினோரு மணிக்கு இரண்டாம் நட்சத்திரம். வீடு தூங்கிவிட்டிருந்தது.

25 நாளையும் அவர் முடிக்கவில்லை. கடைசி வாரப் புதிர்கள் சிலவற்றுக்கு அம்மா மொழியின் வேகம் போதவில்லை. 50 நட்சத்திரத்தில் 38. ஒப்பந்தப்படி பார்த்தால் தோல்வியா, வெற்றியா என்று அவருக்கே குழப்பம்தான். இருந்தாலும் ஜனவரியில் வந்த நேர்காணலில், சமீபத்தில் சரிசெய்த பிழை ஏதாவது உண்டா என்று கேட்டபோது வாயைத் திறந்தார். மைனஸ் மீனைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "லாங்கும் ஒரு நாள் நிரம்புமே, எல்லையே இல்லாத பிக் இன்டீஜர் ஏன் போடலை?" என்று கேட்டார். வேகம் குறையும் என்பதால், நிரம்பினால் சத்தம் போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். பேச்சு அரை மணி நேரம் ஓடியது.

அந்த வேலை கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேறோர் இடத்தில் கிடைத்தது. சம்பளம் பழையதைவிடக் குறைவு.

2025-ல் அட்வென்ட் ஆஃப் கோடு 12 புதிர்களாகச் சுருங்கிவிட்டது. பத்தரை மணிக்கு இப்போது அவர் அலுவலகத்தில் இருப்பார் என்பதால் புதிர் இரவுச் சாப்பாடு வரை காத்திருக்கிறது. கடந்த டிசம்பரில் ஒரு நாள் மடிக்கணினி அவருக்குக் கிடைக்கவே இல்லை. பத்து வயது மகள் அதில் 2015-ன் முதல் புதிரைப் போட்டுக்கொண்டிருந்தாள். '(' வந்தால் ஒரு மாடி ஏற வேண்டும், ')' வந்தால் ஒரு மாடி இறங்க வேண்டும், கடைசியில் எந்த மாடி? திரையில் ஒரு வரி வந்து நின்றது: 'எனில் இருக்கிறது, நிபந்தனையைக் காணோம். வரி 4-ஐப் பாருங்கள்.'

"அம்மா, உன் மொழி என்னையே குறை சொல்லுது!"

"எந்த வரின்னு சொல்லுதா?"

"நாலாவது."

"அப்ப அங்க போய்ப் பாரு கண்ணு" என்றபடி அவர் தோசைக்கல்லில் எண்ணெய் தடவினார்.