பாதி நீலம், பாதி கருப்பு

போன வருடம் பாலக்கோட்டில் இருக்கும் நண்பருக்கு, ஓய்வூதியப் படிவம் ஒன்றின் லிங்க்கை மெயிலில் அனுப்பினேன். அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். மூன்று நாள் கழித்துப் போன் செய்தார்.

"நீ அனுப்பினதுல பாதி நீலமாவும் பாதி கருப்பாவும் இருந்துச்சுப்பா. நீலத்தை அமுக்கினா, பக்கமே இல்லைன்னு வந்துச்சு. சரின்னு பஸ் ஏறி தர்மபுரிக்கே போய் வாங்கிட்டு வந்துட்டேன்."

முழங்கால் வலியோடு போய் வந்திருக்கிறார் என்பது அவர் மனைவி பேசியபோதுதான் தெரிந்தது.

தவறு என்னுடையதுதான். முகவரி நீளமாக ஓடியது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நடுவில் என்டர் தட்டி இரண்டு வரியாக்கி இருந்தேன். தட்டச்சு இயந்திரத்தில் ஓரத்து மணி அடித்ததும் அடுத்த வரிக்குப் போய்ப் பழகிய கை. மெயிலோ, முகவரி அந்த இடத்தோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. பிரெஞ்சில் முக்காற்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி விடவேண்டும்; பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. முகவரியைக் கையால் அடித்தால் 'எச்டிடிபிஎஸ்'ஸுக்குப் பின்னால் அந்த இடைவெளி தானாக விழுந்துவிடும். லிங்க் கெட்டுவிடும்.

இதற்கு வழி பழையது. டிம் பெர்னர்ஸ்-லீயும் வேறு இருவரும் 1994 டிசம்பரில் வெளியிட்ட விதிக்குறிப்பிலேயே, முகவரியின் இரு பக்கமும் கூர்க்குறிகள் போடச் சொல்லி இருக்கிறார்கள். கணக்கில் 'சிறியது', 'பெரியது' என்று போடுவோமே, அவைதான். பிரெஞ்சு மேற்கோள் குறியின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் பிரெஞ்சில் போல உள்ளே இடைவெளி விடக்கூடாது. வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் முகவரியில் ஒட்டாமல் வெளியே நின்றுவிடும்.

முகவரியில் தமிழ் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'மாரண்டஹள்ளி' என்பது நமக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டருக்குத் துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனி, மொத்தம் 11. நகலெடுத்து ஒட்டும்போது பல சமயம் ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக 9 இடம் பிடிக்கும். ஆக, 99! மெயில் விதியோ ஒரு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது என்கிறது. நம் ஊர்ப் பெயருக்கே ஒரு வரி போதவில்லை.

இப்போதெல்லாம் முகவரியைத் தனி வரியில் ஒட்டுகிறேன். திரையில் அதுவாக மடிந்தால் மடியட்டும், என்டரைத் தொடுவதில்லை. முதலில் எனக்கே அனுப்பி, அமுக்கிப் பார்த்த பிறகுதான் மற்றவருக்கு. போன மாதம் அதே நண்பருக்கு ஒன்று அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "முழுசும் நீலம்."