ஒலிவாங்கியின் முன் ஒரு சிறு குரல்

எங்கள் தோட்டப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஒலிபெருக்கிப் பொறுப்பு ஆசிரியர்களாகிய எங்களுடையது. மேடையிலுள்ள ஒலிவாங்கிகள் யாவும் 'மிக்சர்' என்னும் ஒலிக்கலவைப் பெட்டியில் வந்து சேரும். ஒலிவாங்கி தரும் மின்னலை மிக மெல்லியது. அதனை வேண்டிய அளவிற்கு உயர்த்துவது, ஒவ்வொரு வரிசையின் உச்சியிலும் உள்ள 'கெயின்' குமிழே. அதனைக் குறைத்து வைத்தால், பின்னர் ஒலியைக் கூட்டும்போது இரைச்சலும் உடன் கூடும். மிகுத்து வைத்தாலோ அலையின் முகடுகள் வெட்டுண்டு குரல் கரகரக்கும். கீழேயுள்ள பிடியை எவ்வளவு இறக்கினாலும் அக்கரகரப்பு நீங்காது, மெதுவாகக் கரகரக்கும், அவ்வளவே!

ஆகவே, பேசவிருக்கும் பிள்ளையையே மேடையேற்றி, விழாவில் பேசும் குரலிலேயே பேசச் செய்வோம். சிவப்பு விளக்கு மின்னும்வரை குமிழைத் திருகிப் பின் சற்றே குறைப்போம். பெரியவர் ஒருவர் வந்து "ஹலோ, ஹலோ" என்று சோதிப்பதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. உறுமி மேளத்திற்கு வைத்த அளவில் முதலாம் ஆண்டு மாணவியின் திருக்குறள் கேட்குமா? வேலை முடிந்து ஓடிவந்து, கடைசி வரிசையில் நிற்கும் அவள் தாய்க்கும் அவ்விரண்டடி எட்ட வேண்டுமன்றோ? அதன்பொருட்டே சிறுவர்க்கென ஓர் ஒலிவாங்கியைத் தனியே ஒதுக்கி, அவர்கள் வாயளவிற்குத் தாழ்த்தி வைக்கின்றோம்.